வலது இறக்கைப் பட்டு

காஜா பெராங், மலாக்கா
18-1-2603

அன்புள்ள பூங்காவனத்துக்கு,

ஜெயபாலன் எழுதுவது. வருஷத்தை ஜப்பான்காரன் கணக்கில் இப்படித்தான் போட வேண்டும் என்று பட்டறையில் உத்தரவு. 1943 என்று எழுதி அறை வாங்கியவனைப் பார்த்த பிறகு கை தானாகவே 2603 போட்டுவிடுகிறது. நான் சுகம். காய்ச்சல் திரும்ப வரவில்லை. நீ முதலில் கேட்பது அதைத்தான் என்பதால் முதலிலேயே எழுதிவிட்டேன்.

பொங்கலன்று நடந்தது எனக்குப் பிடிக்கவில்லை. இங்கிருந்து செங்குக்கு, உன் அண்ணன் வீட்டுக்கு, ஐந்து மைல். சைக்கிளுக்கு டயர் கிடைக்காமல், செடிக்குத் தண்ணீர் விடும் ரப்பர் குழாயைச் சக்கரத்தில் சுற்றிக் கட்டிக்கொண்டு வந்தேன். இடுப்பு கழன்றுவிட்டது. நீ வெளியே வரவில்லை. கதவுக்குப் பின்னால் நின்றபடி "சாப்பிட்டீங்களா, உடம்பு தேவலையா" என்று கேட்டாய். உன் அண்ணன் நல்லையா மச்சான் தரையைப் பார்த்துக்கொண்டே நின்றார். அவர் சம்சாரம் மல்லிகா அக்காதான் வந்து சாப்பாடு வைத்தார்கள். கதவோடு பேசிவிட்டு வருவதற்கா பத்து மைல்?

உன்னை மூன்று மாதத்துக்கு முன் அங்கே அனுப்பியது கோபத்தில் இல்லை. டவுனில் அரிசி இல்லை. உன் அண்ணனிடம் மரவள்ளிக் காடு இருக்கிறது. ஒரு வாய் இங்கே குறைந்தால் இரண்டு பேரும் பிழைப்போம் என்று கணக்குப் போட்டேன். கணக்கோடு கோபித்துக்கொள்கிறவள் இல்லை நீ என்று நினைத்திருந்தேன்.

இப்போது முக்கியமான விஷயம். நான் ஒரு ஆகாய விமானம் கட்டுகிறேன். சிரிக்காதே. இன்ஜின் கிடையாது. மேட்டிலிருந்து இழுத்துவிட்டால் காற்றில் மிதந்து இறங்கும் வகை. டெக்னிகல் ஸ்கூலில் படித்தபோது இங்கிலீஷ் பத்திரிகை ஒன்றில் அளவுகளோடு படம் போட்டிருந்தான். நான் அதை அப்போதே பிரதி எடுத்து வைத்திருந்தேன்.

நடந்தது இது. பட்டறையின் ஜப்பான் அதிகாரி, பெட்ரோலுக்குப் பதில் லாரிக்குக் கரி அடுப்பு பொருத்துவதைப் பார்க்க வந்தார். ஏதோ சொல்லிச் சிரித்தார். துபாஷி வேலை பார்க்கும் பொன்னுதுரையிடம் என்ன சொன்னார் என்று கேட்டேன். "உங்க ஆளுங்க கையில ஸ்பேனரைக் குடுத்தா அதால தேங்காய் உடைப்பானுங்களாம்" என்றான். நான் மிதக்கும் விமானம் ஒன்று கட்டிப் பறந்து காட்டுகிறேன் என்று சொல்லச் சொன்னேன். பொன்னுதுரை வெளுத்துப் போனான். "டேய், உனக்குப் பொண்டாட்டி இருக்கா இல்லையா?" என்றான். "சொல்லுடா" என்றேன். சொன்னான். அதிகாரி இருநூறு கஜம் பறந்தால் விமானத் திடல் பட்டறையில் வேலை, இரண்டு பேருக்கு அரிசிப் பங்கு என்றார்.

அரிசி வந்தால் நீ வீட்டுக்கு வரலாம். அதற்காகத்தான் இவ்வளவும்.

சட்டத்துக்கு மூங்கில். பக்கத்து வீட்டுத் தம்பி செட்டி வெட்டித் தந்தார். முடிச்சுக்குப் பிரம்பு. இழுத்துவிடும் கயிறு, ரப்பர் ஷீட்டைக் கந்தகம் சேர்த்து வேகவைத்து நாடாவாகக் கிழித்துப் பின்னியது. உட்காருவதற்கு நம் பழைய தகர மண்ணெண்ணெய் டின். தலைமுறை தலைமுறையாக மலாய் பேசும் மலாக்காச் செட்டிக் குடும்பம், தம்பி செட்டிக்குத் தெரிந்த தமிழ் வார்த்தை மொத்தம் ஐந்தாறு இருக்கும். படத்தைக் காட்டினேன். நெற்றியில் விரலை வைத்துச் சுற்றி, "கீலா" என்றார். அது எனக்கு விளங்கவில்லையோ என்று சந்தேகப்பட்டு, "பைத்தியம்" என்று தமிழிலும் ஒரு தடவை சொன்னார்.

பதில் எழுது. கதவுக்குப் பின்னால் நின்று எழுதாதே.

இப்படிக்கு,
ஜெயபாலன்


செங்
29-1-2603

அன்புள்ள அத்தானுக்கு,

பூங்காவனம் வணங்கி எழுதிக்கொள்வது. இங்கே அண்ணன், அண்ணி, குழந்தை சாரதாம்பாள் எல்லோரும் ஒருவாறு இருக்கிறோம். குழந்தைக்கு மேல்வரிசையில் இரண்டு பல் முளைத்திருக்கிறது. கடிப்பதற்கு மரவள்ளியைத் தவிர வேறு இல்லை. போன வாரம் காட்டுப்பன்றி வந்து இரண்டு வரிசையைப் புரட்டிவிட்டுப் போயிற்று. அதை விரட்ட அண்ணனுக்குத் தகரத்தைத் தட்டித் தட்டித் தொண்டையும் கட்டிவிட்டது. தட்டியது தகரத்தை, கட்டியது தொண்டை என்று அண்ணி கேலி செய்கிறார்கள். அவர் கத்தவும் செய்தார்.

பொங்கலன்று நான் வெளியே வராதது கோபத்தால் இல்லை. நம்புங்கள். காரணத்தை இன்னொரு சமயம் சொல்கிறேன். இந்தக் கடிதம் அண்ணன் கையில் வருகிறது. உறையை ஒட்டாமல்தான் கொடுக்கிறேன்.

விமானத்தைப் பற்றி எனக்கு என்ன தெரியும்? நீங்கள் பறக்கும் என்றால் பறக்கும். ஆனால் கூரை ஒழுகலை அடைக்கிறேன் என்று ஏறி, சோற்றுப் பானைக்குப் பக்கத்தில் வந்து விழுந்ததும் நீங்கள்தான். அன்றைக்கும் கணக்குப் போட்டுவிட்டுத்தான் ஏறினீர்கள். பார்த்துச் செய்யுங்கள். அரிசி இல்லாவிட்டால் மரவள்ளி இருக்கிறது. கால் இல்லாவிட்டால் வேறு கால் இல்லை.

ஒரு சின்ன வேண்டுகோள். நம் டிரங்குப் பெட்டியின் அடியில் வேப்பிலை போட்டு என் கூறைச் சேலையை வைத்திருக்கிறேன். அண்ணன் அடுத்த வாரம் மரவள்ளி கொண்டு டவுனுக்கு வருவார். அவரிடம் கொடுத்தனுப்புங்கள். மறக்க வேண்டாம்.

வீட்டுக் கடிகாரத்துக்கு ஞாயிற்றுக்கிழமை தோறும் சாவி கொடுக்கிறீர்களா? தோக்கியோ நேரத்துக்குத் திருப்பிவிடாதீர்கள். சூரியன் அவர்கள் பேச்சைக் கேட்டு உதிப்பதில்லை.

வணக்கத்துடன்,
பூங்காவனம்


காஜா பெராங்
6-2-2603

அன்புள்ள பூங்காவனத்துக்கு,

சேலையைக் கேட்டு நீ எழுதிய கடிதம் நாலு நாள் தாமதமாக வந்துவிட்டது. சேலையை வெட்டிவிட்டேன்.

சுற்றி வளைத்துச் சொல்ல எனக்குத் தெரியாது. இறக்கைக்குத் துணி வேண்டும். ஊரில் துணி கிடையாது. ரப்பர் ஷீட்டைப் போட்டுப் பார்த்தேன், கனம். பாயைப் போட்டால் காற்று ஊடே போகிறது. பட்டுதான் சரி. ஒரு ஓரத்துண்டைக் கட்டி எடைக்கல் தொங்கவிட்டுச் சோதித்தேன். என் எதிர்பார்ப்பைவிட மூன்று மடங்கு தாங்கிற்று. நல்ல சரக்கு. உன் அப்பா ஏமாறவில்லை.

நீ கோபப்படுவாய் என்று தெரியும். கொஞ்சம் யோசித்துப் பார். மரவள்ளிக் காட்டில் உனக்குப் பட்டுச் சேலை எதற்கு? பெட்டியில் கிடந்து பூச்சி அரிப்பதற்குப் பதில், உன்னை வீட்டுக்குக் கொண்டுவரும் வேலையை அது செய்யட்டுமே. அரிசி வந்த பிறகு இதைவிட நல்லது வாங்கித் தருகிறேன்.

வலது இறக்கை முழுக்க உன் சேலை, ஐந்து துண்டு. முந்தானையை வாலுக்குப் போட்டேன். இடது இறக்கைக்குப் பட்டு போதவில்லை. சீனிச் சாக்குகளைப் பிரித்துத் தைத்துப் போட்டிருக்கிறேன். எடை கொஞ்சம் கூடுதல். வலது பக்கம் ஈயக் கட்டி கட்டிச் சமன் செய்துவிட்டேன். துணி விறைப்பாக நிற்க வெள்ளைக்காரன் ஒரு மருந்து பூசுவான். அது இல்லை. மரவள்ளி மாவைக் கஞ்சி காய்ச்சிப் பூசினேன். சாப்பிட வேண்டியதைப் பூசுகிறான் என்று தம்பி செட்டியின் சம்சாரம் நாகம்மா தலையில் அடித்துக்கொண்டாள். அவர்கள் ஆடு வாலை நக்கிக்கொண்டே இருக்கிறது. இரண்டு தடவை விரட்டிவிட்டேன்.

காலையில் பனி காய எவ்வளவு நேரம் என்றும் ஐந்து நாள் குறித்து வைத்தேன். ஒன்பது மணிக்கு இரண்டு இறக்கையும் அப்பளம் மாதிரி காய்ந்திருக்கிறது. அதனால் நேரத்தை ஒன்பது என்று அதிகாரியிடம் சொல்லிவிட்டேன்.

இந்த மாதம் 27, சனிக்கிழமை. நம் தெருவுக்குப் பின்னால் உள்ள மேட்டிலிருந்து, கீழே நெல் வயல் பக்கமாக. அதிகாரிகளுக்கு நாற்காலி போடுகிறார்கள். பள்ளிக்கூடப் பிள்ளைகள் கொடி பிடித்து வருவார்கள். மச்சானோடு வந்துவிடு. நாலு பேர் பார்க்கும் இடம், நல்லதாக உடுத்திக்கொண்டு வா.

இப்படிக்கு,
ஜெயபாலன்


செங்
15-2-2603

அன்புள்ள அத்தானுக்கு,

சேலை விஷயம் தெரிந்தது. அண்ணியிடம் சொன்னேன். அவர்கள் அடுப்பை ஊதிக்கொண்டிருந்தார்கள். ஏற்கெனவே நன்றாக எரிந்துகொண்டிருந்த அடுப்பைத்தான்.

27-ஆம் தேதி வர முயற்சி செய்கிறேன். வர முடியாமல் போனால் கோபம் என்று எண்ண வேண்டாம்.

கயிற்றை இரண்டு முறை இழுத்துப் பாருங்கள். பின்னியது நீங்கள் என்பதால் சொல்கிறேன்.

வணக்கத்துடன்,
பூங்காவனம்


காஜா பெராங்
3-3-2603

பூங்காவனத்துக்கு,

எல்லோரும் வந்தார்கள். நீ வரவில்லை. உன் வீட்டிலிருந்து ஒரு ஈ காக்கை கூட வரவில்லை.

எனக்கு இடது தோள் எலும்பு முறிந்திருக்கிறது. வலது கையால்தான் எழுதுகிறேன், கவலைப்படாதே. நடந்ததை வரிசையாகச் சொல்கிறேன். வேறு யாராவது சொல்லி நீ கேட்பதைவிட நானே சொல்வது மேல்.

ரப்பர் கயிற்றை பக்கத்துக்கு நாலு பேராகத் தம்பி செட்டியும் அவர் ஆட்களும் இழுத்துக்கொண்டு சரிவில் ஓடினார்கள். பின்னால் வாலைப் பிடித்திருந்தவர்களை விடச் சொன்னேன். கயிறு நன்றாகத்தான் வேலை செய்தது. எழும்பினேன். பூங்காவனம், அது பறந்தது. ஒரு தென்னங்கன்று உயரம். தம்பி செட்டியின் தலை என் காலுக்குக் கீழே போயிற்று. நாலு மூச்சு விடும் நேரம் இருக்கும். அப்புறம் இடது இறக்கை தாழ்ந்தது. என் முழுப் பலத்தையும் போட்டு வலது பக்கம் சாய்ந்தேன். கேட்கவில்லை. எருமைகள் புரளும் குட்டையில் தோளோடு போய் இறங்கினேன். தம்பி செட்டி காலால் அளந்தார். நாற்பது கஜம்.

முதலில் பிள்ளைகள் சிரித்தார்கள். அப்புறம் நாற்காலிக்காரர்கள். அப்புறம் நம் தெரு. சேறு வழிய வழிய ஒவ்வொரு நாற்காலிக்கு முன்னாலும் நின்று குனிந்து வணக்கம் சொல்ல வைத்தார்கள். பதினோரு நாற்காலி. தோள் தொங்கிக்கொண்டிருந்தது. அதிகாரி ஏதோ சொன்னார். பொன்னுதுரை வேறு பக்கம் திரும்பிக்கொண்டான். சொல்லு என்று அதட்டினார். "கோழி கூட இதைவிடத் தூரம் போகுமாம்" என்றான். அதிகாரி சத்தமாகச் சொல்லச் சொன்னார். இரண்டாம் தடவை சத்தமாகச் சொன்னான். பொன்னுதுரை மேல் கோபமில்லை. அவன் கண்ணில் தண்ணீர் நின்றது. அதுதான் எனக்கு அதிகமாக எரிந்தது.

அன்றிலிருந்து வெளியே போகவில்லை. தெருவில் பிள்ளைகள் கையை விரித்துக்கொண்டு ஓடி, என் வாசலுக்கு நேராக வந்ததும் தொப்பென்று விழுந்து காட்டுகிறார்கள்.

காரணம் கண்டுபிடித்துவிட்டேன். ஒன்று, சீனிச் சாக்கு. பனியைக் குடித்துக் கனத்துவிட்டது. பட்டு குடிக்காது. இரண்டாவது, உன் கடிகாரம். நான் ஐந்து நாள் குறித்தது எல்லாம் வீட்டுக் கடிகாரத்தைப் பார்த்து. அவர்கள் வந்தது தோக்கியோ ஒன்பதுக்கு. நம் வீட்டில் அப்போது ஏழரை. திருப்ப வேண்டாம் திருப்ப வேண்டாம் என்று நீ பிடித்த பிடிவாதம் ஒன்றரை மணி நேரப் பனியாக என் இடது இறக்கையில் உட்கார்ந்திருந்தது.

அதிகாரி மழைக்கு முன் இன்னொரு தடவை செய்து காட்டு என்கிறார், மறுபடி சிரிக்க வேண்டும் என்றுதான். பரவாயில்லை, எனக்கு இன்னொரு தடவை போதும். இரண்டு பக்கமும் பட்டு போட்டால் இருநூறு கஜம் போகும், எழுதித் தருகிறேன். வேண்டியது எட்டு கஜம். மல்லிகா அக்காவிடம் ஒரு பட்டு இருக்கும். கேட்டு மச்சானிடம் அனுப்பு.

நாற்காலி போட்ட மேட்டில் எல்லாப் பெண்களும் நின்றார்கள். நாகம்மா கூட நல்ல சாரோங் கட்டிக்கொண்டு வந்திருந்தாள். விழுந்து எழுந்ததும் நான் முதலில் தேடியது யாரை என்று உனக்கு எழுதப் போவதில்லை.

ஜெயபாலன்


செங்
9-3-2603

அன்புள்ள அத்தானுக்கு,

இந்தக் கடிதத்தை மல்லிகா அண்ணியே கொண்டுவருகிறார்கள். அண்ணனுக்குத் தெரியாது. அதனால் இந்த முறை மறைக்காமல் எழுதுகிறேன். படித்து முடிக்கும்வரை அவர்களை உட்காரச் சொல்லுங்கள்.

அவர்கள் உடுத்தியிருக்கிறார்களே, பச்சைக் கரை போட்ட நூல் சேலை, அதைப் பாருங்கள். இந்த வீட்டில் இரண்டு பெண்களுக்கும் அது ஒன்றுதான். அண்ணி வெளியே போனால் நான் உள்ளே. நான் போனால் அவர்கள் உள்ளே. பொங்கலன்று அது அண்ணியின் முறை. அதனால் அவர்கள் உங்களுக்குச் சோறு வைத்தார்கள். நான் கதவுக்குப் பின்னால் நின்றேன்.

உள்ளே நிற்கிறவர்கள் கட்டுவது சீனிச் சாக்கு. கழுத்துக்கும் கைக்கும் ஓட்டை போட்டது. இதை எழுதும்போதும் அதுதான். நீங்கள் இடது இறக்கையில் போட்ட அதே சாக்கு. அது பனியில் எவ்வளவு கனக்கும் என்று என்னைக் கேட்டிருந்தால் சொல்லியிருப்பேனே. நனைத்தால் ஒரு பகல் பூராவும் காயாது. கொடியில் போட்டால் கொடி தொங்கும்.

என் சேலைகள் எங்கே போயின என்று கேட்பீர்கள். இதுவரை கேட்கவில்லை. போன அக்டோபரில் நினைவில்லாமல் காய்ச்சலில் கிடந்தீர்கள். கொய்னா மாத்திரை எங்கிருந்து வந்தது என்றும் நீங்கள் கேட்கவில்லை. ஆஸ்பத்திரியில் கொடுத்தார்கள் என்று நினைத்திருப்பீர்கள். மூன்று நூல் சேலையும் அதற்குப் போயிற்று. போகட்டும். நீங்கள் எழுந்து உட்கார்ந்து, கஞ்சியில் உப்பு இல்லை என்று திட்டியபோது எனக்குச் சந்தோஷமாகத்தான் இருந்தது. செங்குக்கு நான் வந்தபோது கட்டியிருந்தது இதே பச்சைக்கரைதான். அண்ணி அனுப்பிவைத்தது.

கூறையை மட்டும் மருந்துக்கு மாற்ற மனசு வரவில்லை. கூடவும் கொண்டுவரவில்லை. அது அங்கே பெட்டியில் இருந்தால் நான் திரும்பி வரப்போகிறேன் என்று அர்த்தம். அப்படித்தான் விட்டு வந்தேன். பிறகு அண்ணி என் பொருட்டு வாரத்தில் பாதி நாள் சாக்குக்குள் அடைந்து கிடப்பதைப் பார்க்க முடியாமல்தான் கேட்டனுப்பினேன். மரவள்ளிக் காட்டில் பட்டு எதற்கு என்றீர்கள்.

27-ஆம் தேதி அண்ணி தன் முறையை எனக்கு விட்டுக்கொடுத்தார்கள். விடியும் முன்பே எழுந்து உடுத்திக்கொண்டேன். பொட்டு வைத்துக்கொண்டு, அண்ணன் சைக்கிளை எடுக்கட்டும் என்று நின்றேன். குழந்தைக்குக் காய்ச்சல் தலைக்கேறி உடம்பு வெட்டி இழுத்தது. தாய் கூடப் போகாமல் முடியுமா? அவிழ்த்துக் கொடுத்தேன். அண்ணன் தாயையும் பிள்ளையையும் சைக்கிளில் ஏற்றிக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போனார். நீங்கள் பறந்த நேரத்தில் நான் சாக்கோடு உட்கார்ந்து, அந்தப் பக்கம் வானத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன். தென்னங்கன்று உயரம் இங்கே தெரியாது.

அண்ணியிடம் பட்டு ஒரு நாளும் இருந்ததில்லை. அவர்கள் கலியாணத்துக்கே நூல் புடவைதான். உங்கள் கடிதத்தை அண்ணன் படித்தார். "மல்லிகா அக்காவிடம் ஒரு பட்டு இருக்கும்" என்ற இடத்தில் நிறுத்தினார். மடித்து என்னிடம் கொடுத்துவிட்டு மண்வெட்டியை எடுத்துக்கொண்டு போய்விட்டார். வீட்டுப் பெண்களுக்குத் துணி கொடுக்க முடியாதவன் என்று மாப்பிள்ளைக்குத் தெரியக்கூடாது என்றுதான் அவர் இத்தனை நாள் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். நானும் அவருக்காகத்தான் வாயை மூடிக்கொண்டிருந்தேன்.

தோளை அசைக்காமல் வையுங்கள்.

என்னை வரச் சொல்லி இனி எழுத வேண்டாம். எதைக் கட்டிக்கொண்டு வருவது?

பூங்காவனம்


காஜா பெராங்
20-4-2603

அன்புள்ள பூங்காவனத்துக்கு,

ஆறு வாரமாகப் பதில் எழுதவில்லை. எழுத உட்காருவேன், மேலே வருஷத்தைப் போடுவேன், அதோடு நின்றுவிடும்.

உன் கடிதத்தை நின்றபடியே படித்தேன். மல்லிகா அக்கா முக்காலியில் உட்கார்ந்திருந்தார்கள். அவர்கள் பக்கம் திரும்ப முடியவில்லை. நான் திரும்பினால் சேலையைப் பார்க்கிறேன் என்று அவர்களுக்குத் தெரியும். கொட்டகையில் விமானம் சாய்ந்து கிடந்தது. எழுந்து போய் வலது இறக்கையை ஒரு விரலால் தொட்டார்கள். "நல்ல பட்டு, தம்பி" என்றார்கள். திட்டியிருக்கலாம். தண்ணீர் குடிக்கிறீர்களா என்று கூட நான் கேட்கவில்லை. அவர்கள் தெருமுனை தாண்டிய பிறகுதான் அது உறைத்தது.

குட்டையில் விழுந்ததைப் பெரிய வெட்கம் என்று உனக்குப் பக்கம் பக்கமாக எழுதினேன். பதினோரு நாற்காலிக்கு முன்னால் குனிந்தது இப்போது எனக்கு ஞாபகம் கூட வருவதில்லை. ஞாபகம் வருவது எல்லாம் பொங்கலன்று அந்தக் கதவுதான். உன் கைவிரல் நாலு கதவு ஓரத்தில் தெரிந்தது. அதைப் பார்த்தும், கோபம் என்று முடிவு கட்டிவிட்டு சைக்கிளை எடுத்தவன் நான்.

போன கடிதத்தில் எழுதாத இரண்டு விஷயம் இருக்கிறது. அன்று காலை இடது இறக்கையைத் தொட்டுப் பார்த்தேன். கை நனைந்தது. நன்றாகவே நனைந்தது. இன்னும் ஒன்றரை மணி நேரம் பொறுங்கள் என்று சொல்லியிருக்கலாம். நாற்காலி எல்லாம் நிறைந்துவிட்டிருந்தது. வாய் வரவில்லை. அதனால் கடிகாரத்தின் மேல் குற்றமில்லை, உன் மேலும் இல்லை. இரண்டாவது, அரிசிக்காக என்று எழுதினேன். அரிசியும் உண்டு. ஆனால் அந்தத் தேங்காய் பேச்சு இல்லாவிட்டால் நான் அரிசிக்காக மூங்கில் வெட்டியிருக்க மாட்டேன். உன்னை வீட்டுக்குக் கொண்டுவர என்று சொன்னால் எவரும் மறுத்துப் பேச முடியாதே என்று உன் பெயரைப் போட்டேன். சேலையை எடுத்த மாதிரியே.

அதிகாரியிடம் இரண்டாம் தடவை கிடையாது என்று சொல்லிவிட்டேன். பொன்னுதுரை நயமாக ஏதோ மாற்றிச் சொன்னான் போலிருக்கிறது, ஒரே ஒரு அறையோடு போயிற்று. இப்போது எனக்கு வேலை லாரி அடுப்புகளில் சாம்பல் அள்ளுவது. அது போகட்டும்.

சேலையைப் பிரித்தேன். கஞ்சி மூன்று தண்ணீரில் போய்விட்டது. தையல் ஓரத்தில் ரப்பர் பால் தடவியிருந்தேன், அது போகாது. பழுப்புக் கோடாக நிற்கிறது. மூங்கிலில் ஆணி அடித்த ஓட்டை வரிசை வரிசையாக இருக்கிறது. முந்தானை இல்லை. நான் தோள் முறிந்து படுத்திருந்த வாரத்தில் தம்பி செட்டியின் ஆடு வாலைத் தின்றுவிட்டது. கஞ்சிக்காகத் தின்றது. அவர் வந்து மன்னிப்புக் கேட்டார். நான் ஆட்டின் முகத்தைக் கூடப் பார்க்க முடியாத நிலையில் இருந்தேன்.

ஐந்து துண்டையும் நாகம்மாவிடம் கொண்டுபோய்த் தைத்துக் கொடு என்று கேட்டேன். வாங்கி, விரித்துப் பார்த்தாள். இது உன் பெண்சாதியின் கலியாணச் சேலையா என்று மலாயில் கேட்டாள். ஆமாம் என்றேன். மடித்து என் கையிலேயே திருப்பிக் கொடுத்தாள். "வெட்டினது நீ. தைக்கிறதும் நீ" என்றாள். ஊசியை மட்டும் இரவல் கொடுத்தாள்.

தைத்தேன். இடது கை இன்னும் மேலே எழும்பாது. துணியைத் தொடைக்கும் முழங்காலுக்கும் நடுவில் இறுக்கிக்கொண்டு தைத்தேன். முதலில் இறக்கைக்குப் போடும் தையலே போட்டேன். தடித்துக்கொண்டு நின்றது, இடுப்பில் உறுத்தும். பிரித்துவிட்டு மறுபடி தைத்தேன். நூல் வாழை நார். கோணலாக இருக்கிறது. இதற்கு மேல் எனக்கு வரவில்லை. இது உன் கூறை என்று சொல்ல எனக்கு வாய் இல்லை. இரண்டு பேரும் ஒரே நாளில் வெளியே போகலாம், அவ்வளவுக்கு உதவும்.

ஞாயிற்றுக்கிழமை கொண்டுவந்து உங்கள் வாசல் படலில் தொங்கவிட்டுவிட்டுத் திரும்பிவிடுவேன். கூப்பிட மாட்டேன். யார் எங்கே நிற்கிறார்கள் என்று பார்க்கவும் மாட்டேன். கடிதம் சேலைக்குள் இருக்கும். ஒட்டவில்லை. மச்சான் படிக்கட்டும்.

மச்சான், உங்கள் வீட்டுப் பெண்கள் என் காய்ச்சலுக்குக் கொடுத்ததை உங்கள் குறை என்று நீங்கள் சுமந்தீர்கள். நான் தரையைப் பார்த்திருக்க வேண்டும். என்னை மன்னிக்க வேண்டும்.

பூங்காவனம், உன்னை வரச் சொல்லி இதில் எங்கேயும் எழுதவில்லை. இரண்டு தடவை படித்துச் சரிபார்த்துவிட்டேன்.

ஜெயபாலன்


செங்
2-5-2603

அன்புள்ள அத்தானுக்கு,

சேலை கிடைத்தது. நீங்கள் படலில் தொங்கவிட்டதையும் பார்த்தேன், திரும்பிப் பார்க்காமல் சைக்கிளை மிதித்துக்கொண்டு போனதையும் பார்த்தேன். இடது தோள் இன்னும் சாய்ந்துதான் இருக்கிறது. நாகம்மாவிடம் கேட்டு நல்லெண்ணெய் தடவுங்கள். நல்லெண்ணெய் இல்லாவிட்டால் தேங்காய் எண்ணெயாவது.

அண்ணன் கடிதத்தைப் படித்தார். இரண்டு நாள் கழித்துச் சாப்பிடும்போது, "அந்த வண்டி எவ்ளோ உயரம் போச்சுன்னு எழுதியிருந்தாரு?" என்று கேட்டார். தென்னங்கன்று என்றேன். "கன்னுன்னா எந்தக் கன்னு, ஒரு வருஷத்துதா ரெண்டு வருஷத்துதா?" என்றார். எனக்குத் தெரியவில்லை. நீங்களே அவரிடம் சொல்லுங்கள்.

தையல் கோணல்தான். இரண்டு கையாலும் பிடித்து இழுத்துப் பார்த்தேன், விடவில்லை. வேர்த்தால் கஞ்சி வாசனை அடிக்கிறது. நீளம் போதாததற்கு உள்சுற்றில் சாக்குத் துண்டு ஒன்றை ஒட்டுப்போட்டுக்கொண்டேன். முந்தானை போனது போனதுதான். அதில் அப்பா சொல்லி நெய்த மயில் இருந்தது. அதற்காக நான் அழுதேன். அதை உங்களிடம் சொல்லாமல் இருக்க முடியாது.

வெள்ளிக்கிழமை அண்ணியும் நானும் சேர்ந்து கோயிலுக்குப் போனோம். அண்ணி பச்சைக்கரை, நான் இது. ஏழு மாதத்தில் இரண்டு பேரும் ஒன்றாக ரோட்டில் நடந்தது அன்றுதான். பேசிக்கொண்டு நடப்பதே மறந்து போயிருந்தது, கொஞ்ச தூரம் ஒருத்தர் பின்னால் ஒருத்தராகப் போனோம். வெயில் ஆணி ஓட்டை வழியாகப் புகுந்து என் கை மேல் புள்ளி புள்ளியாக விழுந்தது. குழந்தை அதைப் பிடிக்கப் பார்த்தாள். கோயிலில் ஒரு அம்மாள், இது என்ன புதுத் தினுசுப் புடவை என்று கேட்டார்கள். "எங்க வீட்டுக்காரர் இதுல ஆகாசத்துல போனாரு" என்றேன். அண்ணிக்குச் சிரிப்பு தாங்கவில்லை. எனக்கும்தான். ரொம்ப நாளைக்கு அப்புறம்.

இப்போது வரவில்லை. கோபம் இருக்கிறது. இந்த முறை கோபம்தான், வேறு காரணம் தேட வேண்டாம். மரவள்ளி பிடுங்க இன்னும் இரண்டு மாதம் இருக்கிறது. அண்ணிக்குத் துணை வேண்டும். பிறகு பார்க்கலாம். கடிகாரத்தைத் தோக்கியோவுக்குத் திருப்பியிருந்தால் பழையபடி வையுங்கள்.

அடுத்த முறை வந்தால் படலில் எதையும் தொங்கவிட்டுவிட்டு ஓட வேண்டாம். நின்று கூப்பிடுங்கள். வெளியே வருவேன்.

பூங்காவனம்